வெள்ளிக்கிழமைக்கு எது மீன்

இப்போதெல்லாம் ஒரு பண்டத்தைச் சட்டியில் போட்டு வேகவைத்துத் தின்றுவிட்டு எழும்ப ஆளில்லை. இது என்ன, இது எந்த வகை, இதற்குச் செவிள் உண்டா, முட்டையா குட்டியா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையை நனைக்கிறார்கள். மூன்றாம் கிளாசு தாண்டாத பொடிசுகள் வந்து, எழுபது வருசம் உப்புவெள்ளம் குடித்தவனுக்கு மீன் எது என்று சொல்லிக்கொடுக்கின்றன. அதைக் கேட்டு மூத்த பெண்டுகள் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். கொல்லம் ஆயிரத்து நூற்று ஒன்பதாம் ஆண்டு பாஸ்குப் பண்டிகைக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் இனயம் கடப்புறத்தில் நடந்தது இதுதான். ததேயுஸுக்கு அதில் ஒன்றும் பிடிக்கவில்லை.

ததேயுஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனது இரண்டு மாதம். 'அ' எழுதிப் படித்தார். 'ஆ'வுக்குச் சுழி போட்டுப் பழகுவதற்குள் சாளை மீன் காலம் வந்துவிட்டது. கடற்கரைக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் கணக்கில் கடல் மூன்றே வகை. வலையில் வருவது மீன். வலையில் வந்தாலும் தின்னக்கூடாதது பேத்தை. தின்னவும் கூடாது, தொடவும் கூடாதது சொறி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு குடும்பத்தை வளர்த்தார். அதில் ஒருவரும் விஷம் தின்று சாகவில்லை. இதற்கு மேல் ஒரு படிப்பு என்னத்துக்கு என்பது அவர் கேள்வி.

அந்தத் தபசு காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை கரைமடி வலை இழுத்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடித்து நாற்பது பேர். எட்டு நாளாகக் கடல் ஒன்றும் தரவில்லை. அன்றைக்கு மடி கனத்து வந்தது. கரையில் ஏற்றிப் பார்த்தால் நெத்தலி இரண்டு கூடை, நடுவில் ஒரு ஓங்கல். ஆள் நீளம், சாம்பல் நிறம், மண்டையில் ஒரு துளை. கடலில் துள்ளித் துள்ளிப் போகும். மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விடும். வலைக்குள் மூச்சு முட்டிச் செத்திருந்தது.

ஓங்கல் பட்டால் அதை விற்பதில்லை. அது ஊர் வழக்கம். கயிறு பிடித்தவர்களில் மூத்தவன் கத்தி எடுக்க வேண்டும். இழுத்த கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு, இழுக்க ஆண்துணை இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு. ததேயுஸ்தான் மூத்தவர். அவர் மகன் செல்வன் கத்தியைக் கல்லில் தீட்டிக் கொண்டுவந்தான். கிழவர் ஓங்கலைப் புரட்டிப் போட்டு, வால் பக்கமாக வயிற்றில் கத்தி வைத்தார்.

வெள்ளையாக வந்தது. இரத்தம் இல்லை, நிணமும் இல்லை. கெட்டியாக, சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது. கிழவர் விரலில் தொட்டு மோந்து பார்த்தார். அவர் வீட்டில் ஆடு வளர்த்திருக்கிறார்கள். அதற்குமேல் அவருக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. முன்னே ஒருதரமும், பத்து முப்பது வருசத்துக்கு முன், இப்படி எதையோ கண்டு கொழுப்பு என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். இந்தத்தரம் அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. சுற்றிப் பார்த்தார். எல்லாரும் நெத்தலிக் கூடையைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வெட்டத் தொடங்கினார். எட்டு நாள் பட்டினி கிடந்த ஊர். வெட்டினார், கூறு போட்டார், கொடுத்தார்.

முதல் கூறு வாங்கியது சில்வேரி. நாற்பது வருசம் ஒரே கயிற்றில் ததேயுஸுக்கு அடுத்த ஆளாக நின்றவர். "கொழுத்த பக்கமாட்டுப் போடும் ஓய், எனக்குத்தான் பல்லு இல்ல" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவே மரச்சீனிக் கிழங்குக்குக் கூட்டாகத் தின்றார். மறுநாள் விடியக் கடலுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டுமரத்தின்மேல் சாய்ந்தார். கரைக்குக் கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. பங்குச் சாமியார் ஓடிவந்து எண்ணெய் பூசினார். சாவதற்கு முன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய நேரம் இல்லாமல் போய்விட்டது. இருந்தாலும், சில்வேரி பெரிய பாவம் செய்கிற ஆள் இல்லை என்று ஊர் சமாதானப்பட்டது. அடக்கம் நன்றாக நடந்தது.

அவர் செத்துப் பதினோராம் நாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்தது.

கோயில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவள் செசிலி. களியக்காவிளைக்காரி, வயது இருபத்திரண்டு, டிரெயினிங் படித்தவள். பழைய வாத்தியார்மாரைப் போல் இவள் சொல்ல, பிள்ளைகள் கூடச் சொல்லுகிற கதை கிடையாது. கடற்கரையிலும் வீட்டிலும் கிடைப்பதை எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். சாளை, நண்டு, றால், கணவாய், சிப்பி என்று பிள்ளைகள் கொண்டுவந்து கொட்டின. பள்ளிக்கூடம் மூன்று நாள் நாறியது. இரண்டு கூறாகப் பிரியுங்கள் என்றாள். எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்டாள். பிரித்ததைக் கலைத்து மறுபடி பிரிக்கச் சொன்னாள். கடைசியில் பிள்ளைகள் வாயாலேயே மீன் என்றால் என்ன என்று வரவழைத்தாள். ஓங்கல் எந்தக் கூறு என்று ஒரு பிள்ளை கேட்டது. அதைப் பலகையில் வரைந்து காட்டி, அது காற்றை மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும், ஆகவே மீன் இல்லை என்றாள்.

அன்று மத்தியானம் ததேயுஸின் பேத்தி குளோரி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னட்டி? றால்ல உப்பு கூடிப்போச்சா?"

"உப்பு சரியாத்தான் இருக்கு. பாட்டா, றால் மீனில்ல, கேட்டியளா?"

"பின்ன என்ன, கோழியா?"

"மீனுன்னா உள்ள எலும்பு வேணும். ரெண்டு பக்கமும் செவிள் வேணும். செட்டை வேணும். றாலுக்கு எலும்பு இருக்கா?"

"சுறாவுக்கு எலும்பு எங்கட்டி இருக்கு? கடிச்சா நறுக்குன்னு வெள்ளரிக்கா போல இருக்கும். அப்பம் சுறாவும் மீனில்லியா?"

கிழவர் ஒரு றாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒன்பது வயசுப் பிள்ளையைத் தோற்கடித்ததில் அவருக்கு நல்ல திருப்தி. ஆனால் பிள்ளை அப்படி லேசில் விடுகிற பிறவி இல்லை.

"சுறாவ நான் டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுதேன். ஆனா ஓங்கல் மீனில்ல. அது உறுதி. அது மாட்டுக்க கூட்டம்."

அதன்பிறகு ஊரில் விளையாட்டே அதுவாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டால் ஒரு கூட்டம் தெருவில் நின்று கத்தும். "சாளை?" "மீனு!" "நண்டு?" "மீனில்ல!" "கணவா?" "மீனில்ல!" "ஓங்கலு?" "மாடு!" கிழவர் அந்த வழியே போனால் ஒரு குரல் பின்னாலிருந்து வரும்: "ததேயுஸ் பாட்டா?" எல்லாம் சேர்ந்து, "மீனில்ல!" கிழவர் திரும்பினால் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது.

பெண்டுகள் சிரித்தார்கள், முதலில். பிறகு யாரோ ஒருத்திக்குத்தான் அது உதித்தது: வெள்ளிக்கிழமை சுத்தபோசன நாள். மாமிசம் விலக்கு, மீன் ஆகும். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நண்டு தின்றவர்கள் கதி என்ன? சிப்பி தின்றவர்கள்? ஒருத்தி வந்த வெள்ளிக்கு வெறும் கஞ்சியும் மிளகாயுமாக வைத்தாள். அவள் புருசன் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். அதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும். ஓங்கல் அப்படிப் போகவில்லை.

சில்வேரியின் பெண்சாதி ஞானம் அந்த வெள்ளிக்கிழமை காலை ததேயுஸின் முற்றத்தில் வந்து நின்றாள். சேலையைத் தலைவழியே போட்டிருந்தாள். முகம் காய்ந்து கிடந்தது.

"அண்ணே, எனக்க மாப்பிள வெள்ளியாச்ச மாமிசம் தின்னுட்டா செத்தாரு?"

"ஏட்டி ஞானம், உனக்கு என்ன கிறுக்கா? அது மீனு."

"பிள்ளைய மாடுன்னு சொல்லுது."

"பிள்ளைய என்னையும்தான் மீனில்லன்னு சொல்லுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஞானம் சிரிக்கவில்லை. "நீங்க குடுத்தியோ. நான் வச்சேன். அவரு தின்னாரு. தபசு காலத்து வெள்ளியாச்ச. தின்னு ஒரு ராத்திரி கழியல்ல, சங்கீர்த்தனம் செய்யாமப் போயிட்டாரு. முப்பதாம் நாளு பூசைக்குச் சொல்லணும்னு இருந்தேன். சாவான பாவத்தோட நரகத்துக்குப் போன ஆத்துமாவுக்குப் பூச வச்சி என்னத்துக்கு அண்ணே? அது அங்க எத்துமா?"

"நான் எத்தன ஓங்கலு வெட்டியிருக்கேன். நமக்க அப்பன்மாரெல்லாம் தின்னாங்க."

"அவங்களையும் சேத்துத்தான் நெனச்சிக் கெடக்கேன்." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "நீங்க ஒரு உபகாரம் செய்யணும். அந்த வாத்தியாரம்மாட்ட நீங்களே போய்க் கேளுங்க. மீனுதான்னு அவ ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் வயித்துக்கு இத்திரி கஞ்சி குடிப்பேன்."

போக விருப்பமில்லை. ஆனாலும் ததேயுஸ் போனார். அந்த மணலில் மூடிய சங்கதி அவர் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் பிள்ளைகள் சோற்றுக்குப் போயிருந்த நேரம். செசிலி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குளோரிக்க பாட்டாவா? இரிங்க."

"இரிக்க வரல்ல. ஒரு வார்த்த கேக்கணும். ஓங்கலு மீனுதானே?"

"இல்லியே."

"கடல்லதானே கெடக்கு?"

"உங்க மரமும் கடல்லதான் கெடக்கு. அது மீனா?"

இந்தப் பெண் வாயாடி என்று கிழவர் முடிவு செய்தார். அவள் பெட்டியைத் திறந்து நாலு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கலர் பென்சிலால் அவளே வரைந்தது. பசு, சாளை, சுறா, ஓங்கல். சாளை நன்றாக இருந்தது. ஓங்கல் சரியில்லை, சுரைக்காய்க்குக் கண் வைத்தது போல் இருந்தது. அவள் அதை நேரில் கண்டதில்லை என்று கிழவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இத ரெண்டு கூறு போடுங்க பாப்போம்."

கிழவர் பசுவை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார். "இது எதுக்கு இதுல வந்து கெடக்கு?"

செசிலி ஓங்கலை எடுத்துப் பசுவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. அந்தப் பசுவக் கொண்டுபோய் ரெண்டு நாளு கடல்ல கெட்டிப் போடுங்க. இந்த ஓங்கலக் கொண்டுவந்து தொழுத்துல கெட்டுங்க. மூணாம் நாளு பாத்தா எது எதுக்க கூட்டம்னு தெரியும்."

செசிலி சிரித்துவிட்டாள். கேலியா என்று கிழவர் அவள் முகத்தையே பார்த்தார். கேலி மாதிரி இல்லை. ஆனாலும் நம்புவதற்கில்லை.

"எங்க கெடக்குங்கது ஒரு கணக்கு பாட்டா. எப்படிப் பெத்து வளக்குங்கது வேற ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்துல நாங்க ரெண்டாவதத்தான் எடுக்கோம்."

"அதுதான் சரியான கணக்குன்னு யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் அப்படிச் சொன்னால் அவளே அடிப்பாள் போல. கொஞ்சம் யோசித்து, "அது எனக்கும் முழுசாத் தெரியாது" என்றாள்.

கிழவர் இதை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லுகிற வாத்தியாரை அவர் கண்டதில்லை. பிடி கிடைத்தது என்று உள்ளே நுழைந்தார்.

"பெத்து வளக்குதத வச்சுன்னா, பால்சுறா குட்டி போடும். வயித்தக் கீறி உயிரோட குட்டி எடுத்திருக்கேன். திருக்கையும் போடும். அப்பம் அதும் மாடா?"

"குட்டி போடுமா?" செசிலி வியந்துபோனாள். ஒரு காகிதத் துண்டில் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "போட்டாலும் அது பால் குடுக்காதுல்லா பாட்டா? செவிளாலதானே மூச்சு விடும்?" என்றாள்.

"அப்பம் பாலுதான் உங்க கணக்கு."

"பாலுதான். பால் இருந்தா மீனில்ல. இல்லன்னா நான் சொன்னது தப்பு." பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் ஓங்கலக் கண்ணால கண்டதில்ல. எங்க ஊருல கடலே கிடையாது. படிச்சதத்தான் சொல்லிக்குடுக்கேன். நீங்க எத்தனையோ வெட்டினவரு. சொல்லுங்க, ஒருநாளாவது அதுல பாலு கண்டிருக்கியளா?"

ஞானம் தலைவழியே சேலை போட்டு நின்றது கிழவர் கண்முன் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. கண்டேன் என்று சொன்னால், கண்டபிறகு ஏன் கொடுத்தாய் என்று இந்தப் பெண் கேட்பாள். இவள் கேட்காவிட்டால் ஊர் கேட்கும்.

"இல்ல" என்றார். "காணல்ல."

அவர் நினைத்தது, அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று. அவளோ நாலு அட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓங்கல் அட்டையை எடுத்துத் தனியே வைத்தாள். "நீங்க காணல்லன்னா நான் யோசிக்கணும்" என்றாள். கிழவர் வெளியே வந்தார். பொய் இவ்வளவு சுளுவாக விலைபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கடற்கரையில் ஒரு கூடை நெத்தலிக்கே இதைவிட அதிகமாக வாயடிப்பார்கள்.

அன்று சாயங்காலம் குளோரி பள்ளிக்கூடம் விட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"பாட்டா, ஓங்கல மூணாவது கூறு போட்டாச்சு."

"அது என்ன மூணாவது?"

"தெரியாதது. டீச்சர் சொன்னாவோ, ஓங்கல் எதுன்னு இப்பம் சொல்லமுடியாது, புஸ்தகம் சொல்லுது பாலு உண்டுன்னு, வெட்டின பாட்டா சொல்லுதாரு இல்லன்னு. யாராவது கண்ணால கண்டு சொல்லுத வரைக்கும் அது தனியாக் கெடக்கட்டும்னு." பிள்ளை அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டது. "நான் எழும்பிச் சொன்னேன், எங்க பாட்டா காணல்லன்னா அது இருக்காதுன்னு. அவரு கண்ணு தப்பாதுன்னு."

ததேயுஸ் அந்தக் கையை எடுத்துவிட்டு, வலையில் கிழியாத இடத்தைக் கோர்க்கத் தொடங்கினார்.

ஞானத்துக்கு இது போதவில்லை. வாத்தியாரம்மா மீன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியாத கூறில் கிடக்கிற ஓங்கலை நம்பி ஆத்துமா எங்கே போவது? குருத்தோலைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் கோயில் முகப்பில் வந்து நின்றபோது அவள் முன்னால் போய் முட்டுக்குத்திவிட்டாள். பூசைக்கு வந்தவர்கள் பாதிப்பேர் சுற்றி நின்றார்கள். செசிலி பெண்கள் பக்கத்தில் நின்றாள். ததேயுஸ் தூணுக்குப் பின்னால் நின்றார். செல்வன் அவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தான்.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பொறுமைக்காரர். வெயிலில் தலைமேல் கைலேஞ்சியைப் போட்டுக்கொண்டார்.

"எழும்பு ஞானம். உன் புருசன் அதை மீன் என்றுதானே நினைத்துத் தின்றான்? நீயும் மீன் என்றுதானே சமைத்தாய்? அறியாமல் செய்தது சாவான பாவம் ஆகாது. அறிந்து, மனம் ஒப்பிச் செய்தால்தான் பாவம். ஞான உபதேசத்தில் படித்தது மறந்துபோயிற்றா?"

ஞானத்தின் முகத்தில் இரத்தம் வந்தது. கூட்டம் மூச்சு விட்டது. அங்கேயே முடிந்திருக்க வேண்டியதுதான். சாமியார் ததேயுஸைப் பார்த்து, ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்: "நீயும் அறியாமல்தானே கொடுத்தாய், ததேயுஸ்?"

ஆமா சாமி என்றால் தீர்ந்தது. கிழவரும் ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். செல்வன் பக்கத்தில் குளோரி நின்றுகொண்டிருந்தாள். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பாத கண்ணை.

"இல்ல சாமி. நான் பாலு கண்டேன்."

கிழவர் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

"வெட்டும்போ வந்துது. மோந்தும் பாத்தேன். ஆட்டுப்பாலு போலத்தான், இத்திரி மீன்வாடை கூட. மண்ணத் தள்ளி மூடிட்டு வெட்டினேன். வாத்தியாரம்மாட்ட காணல்லன்னு சொன்னது பொய்."

"கண்டுட்டா குடுத்தியோ?" என்றாள் ஞானம். அண்ணே என்கிற வார்த்தை அதில் இல்லை.

"ஊரு எட்டு நாளு பட்டினி கெடந்துதுட்டி. பாலு கண்டேன்னு சொன்னா நாலு பேரு நாலு சொல்லுவான், ஓங்கல் கரையில கெடந்து நாறும்."

செசிலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "கெட்டியா இருந்துதா பாட்டா? எந்த எடத்துல வந்துது? ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டாள். ஒரு ஊர் நடுவில் பாவம் சொல்லி நிற்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? படித்தவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. "வாலுப் பக்கம்" என்றார் கிழவர் எரிச்சலோடு.

சாமியார் கையை உயர்த்தினார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று ததேயுஸுக்குத் தோன்றியது. "பயப்படாதே ததேயுஸ். பால் கண்டாலும் பாவமில்லை. பொய் சொன்னதற்குச் சங்கீர்த்தனத்துக்கு வா, அது வேறு. வெள்ளிக்கிழமைக்குச் சபை விலக்கியது நிலத்து மிருகத்தையும் பறவையையும். தண்ணீரில் பிறந்து தண்ணீரில் கிடப்பதைச் சபை மீனோடுதான் சேர்த்திருக்கிறது. ஆமை, நண்டு, சிப்பி, ஓங்கல், எல்லாம் ஆகும். தின்றவனுக்கும் பாவமில்லை, கொடுத்தவனுக்கும் பாவமில்லை."

கூட்டத்தில் ஒரு சந்தோச இரைச்சல். நண்டு ஆகும், சிப்பி ஆகும் என்று பெண்டுகள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். சட்டியை எறிந்தவன் பெண்சாதியைப் பார்த்து மீசையைத் தடவினான்.

ததேயுஸ் மட்டும் விடவில்லை. "அத முதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி?"

"நீ முதலிலேயே பாலைச் சொல்லவில்லையே."

"அப்பம் வாத்தியாரம்மா சொன்னது தப்பா?"

"தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் சொல்வதுதான் சரி."

"ஒரே ஓங்கலு. பள்ளிக்கூடத்துல அது மாட்டுக்க கூட்டம். கோயில்ல அது மீனு."

"ஆமாம்."

"நடுவுல ரோட்டுல வச்சு அது என்ன சாமி?"

கூட்டம் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். செசிலி மட்டும் சிரிக்காமல், "அதத்தான் நானும் யோசிக்கேன் பாட்டா. எதுக்காகப் பிரிக்கோம்னு முதல்ல கேக்கணும் போல. தின்னப் பிரிக்கது வேற, தெரிஞ்சுக்கப் பிரிக்கது வேற" என்றாள். கிழவருக்கு அதுவும் ஒப்பவில்லை. பிரிப்பதற்கு முந்தி அந்தச் சாமான் ஏதாவது ஒன்றாக இருந்திருக்க வேண்டாமா? வயிற்றுக்குள் பால் இருக்கும்போது அது எந்தக் கணக்கைப் பார்த்து இருந்தது? இதைக் கேட்க அவரிடம் வார்த்தை இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் கேட்டு என்ன?

பாஸ்கு வாரம் கழிந்து சில்வேரிக்குப் பூசை நடந்தது. ஞானம் ஊரையே கூப்பிட்டாள். ததேயுஸையும் கூப்பிட்டாள், "வாங்க" என்று. அண்ணே என்று கூப்பிட அவளுக்குப் பிறகும் சில மாதம் ஆயிற்று.

ஆடிக் கடல் அடங்கி, ஆவணியில் மறுபடி கரைமடி போட்டார்கள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையில் போய் விடிந்தது. மடி கரையேறியபோது அயிலை மீன்களின் நடுவில் ஒரு ஓங்கல். சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. செசிலி பிள்ளைகளை இரண்டு வரிசையாக நடத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. பெண்டுகள் சட்டியோடு வந்தார்கள். முதல் வரிசையில் ஞானம்.

செல்வன் கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து நீட்டினான். "வெட்டுங்கப்பா."

"நீ வெட்டு."

"மூத்தவருதானே வெட்டணும்? சாமிதான் சொல்லியாச்சே, மீனுன்னு."

"சாமி சொன்னாரு. வாத்தியாரம்மா வேற சொன்னா. ரெண்டு பேரும் சரிதானாம்." கிழவர் கத்தியை வாங்கவில்லை. "நான் வெட்டினா என்னன்னு தெரிஞ்சு வெட்டணும். உனக்கு அந்தத் தொந்தரவு கெடையாது. வெட்டு."

"உங்க பங்கு, அண்ணே?" என்று ஞானம் கேட்டாள். அன்றைக்குத்தான் மறுபடி அந்த வார்த்தை வந்தது.

"வேண்டாம்ட்டி. உனக்கு வச்சுக்க."

"பாவமில்லன்னு ஊரு முழுக்கக் கேட்டாச்சு. இன்னும் என்ன சந்தேகம் உங்களுக்கு?"

கிழவர் குனிந்து அயிலைக் குவியலில் கைவிட்டு இரண்டை எடுத்தார். வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பின்னால், "வருது, வருது! டீச்சர், பாலு!" என்று குளோரியின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. குப்பியைக் கொண்டா, தள்ளாதே, மண் விழாமல் பிடி என்று செசிலி கத்தினாள். பிள்ளைகள் கைதட்டின. சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. ஒரே சாமானைச் சுற்றி நின்று ஒரு கூட்டம் அதை மாடு என்று படித்துக்கொண்டும், இன்னொரு கூட்டம் மீன் என்று பங்கு வாங்கிக்கொண்டும் இருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ததேயுஸ் திரும்பிப் பார்க்காமல் வடக்கே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஒரு அயிலையின் செவிளைப் பெருவிரலால் விரித்துச் சிவப்பைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அதற்காக நம்பிவிடவும் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.